தேயாத ரப்பர்

ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. வயது ஐம்பத்தெட்டு. காலை நடைக்கு வருகிற ஓய்வூதியர் கூட்டத்தில் நான்தான் இளைஞன் என்பதால் எல்லோருக்கும் பேப்பர் வாங்கி வரும் பொறுப்பு எனக்கு. முப்பத்து நான்கு வருடம் ஒரே கம்பெனியில் இருந்தவனுக்கு இது ஒரு பதவி உயர்வு.

போன வாரம் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். நான் விட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

"சார், நம்ம கப்ளிங்ல எல்லாம் சென்சார் வெக்கப் போறோம். இனிமே யாரும் நேர்ல போய்த் திறந்து பாக்கவே வேண்டாம், போன்லயே பாத்துக்கலாம். ஆண்டுவிழா மலருக்கு நீங்க ஒரு கட்டுரை எழுதித் தரணும். சாதனை மாதிரி ஏதாவது."

போன்லயே பாத்துக்கலாம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அதே வார்த்தையை நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதனால் என்ன ஆனது என்பதைத்தான் எழுதி அனுப்பப் போகிறேன். மலரில் போடுவது அவர்கள் விருப்பம்.

கப்ளிங் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: மோட்டாரின் சுழல்தண்டான ஷாஃப்ட் ஒரு பக்கம், அது சுற்றவைக்க வேண்டிய மிஷினின் ஷாஃப்ட் எதிர்ப்பக்கம். இரண்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தலாம் என்று பாடப்புத்தகம் சொல்லும். தரை இறங்கும், போல்ட் தளரும், சூட்டில் இரும்பு நீளும். மயிரிழைகூட விலகாமல் நின்ற இரண்டு ஷாஃப்டை நான் இதுவரை பார்த்ததில்லை. இரும்பை இரும்போடு நேராகப் பூட்டினால் ஏதாவது ஒன்று முறியும். அதனால் இரண்டு முனையிலும் விரல்களை விரித்த மாதிரி ஓர் இரும்பு வார்ப்பைப் பொருத்தி, விரல்களுக்கு நடுவே ரப்பர் கட்டைகளை வைப்போம். மோட்டார் பக்கத்து விரல் ரப்பரைத் தள்ளும், ரப்பர் எதிர்ப்பக்கத்து விரலைத் தள்ளும், மிஷின் சுற்றும். விலகலையும் அடியையும் ரப்பர் வாங்கிக்கொள்ளும். வாங்கி வாங்கி நசுங்கும். நசுங்கியதை மாற்றாமல் விட்டால் ஒருநாள் இரும்பு இரும்பைத் தொடும். என் வாழ்க்கை முழுவதும் அந்த ரப்பருக்குள்தான் கழிந்தது.

திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படித்தேன். படித்ததற்குச் சான்றிதழ் இருக்கிறது, வேறு சாட்சி கிடையாது. வேலையில் சேர்ந்து முதல் எட்டு வருடம் மற்றவர்கள் வரைந்த படங்களுக்கு அளவு எழுதினேன். அடுத்த எட்டு வருடம் நான் வரைந்த படங்களில் மற்றவர்கள் அளவைத் திருத்தினார்கள். இடையில் நாவல் படிக்கிற பழக்கம் இருந்ததால், "இவன் நல்லா எழுதுவான்" என்று ஆபீஸ் கடிதங்களும் அறிக்கைகளும் என் மேஜைக்கு வந்து சேர்ந்தன. அப்போது அதைப் பெருமையாக நினைத்தேன்.

எங்கள் பிரிவின் தலைவர் ஸ்டெல்லா மேடம். சேலம் டவுன்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். காலையில் மாதா கோயில் பூசை முடித்துவிட்டு நேராக ஆபீஸ் வருவார். அவர் அறிக்கை படிக்கிற விதமே தனி. முதல் வரிக்குக் கீழே ஸ்டீல் ஸ்கேலை வைப்பார். அந்த வரியைப் படிப்பார். ஸ்கேலை ஒரு வரி இறக்குவார். தகவல் சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தலையைத் தூக்காமல் கேட்பார்.

"இது யார் பாத்தது?"

தவறு என்று சொல்லமாட்டார், கோபப்படமாட்டார். "எண்ணெய் கசிவு இல்லை" என்று எழுதியிருந்தால், யார் பாத்தது. "போல்ட் இறுக்கமாக உள்ளது" என்றால், யார் பாத்தது. பதில் சொன்னால் ஓரத்தில் பென்சிலால் அந்த ஆளின் பெயரை எழுதிக்கொள்வார். இரண்டு பக்க அறிக்கைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒருமுறை, "எல்லாத்தையும் ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்க முடியுமா மேடம்?" என்று கேட்டேன். "முடியாதுப்பா. பாக்காததை எழுதாம இருக்க முடியும்" என்றார்.

இனி சாதனைக்கு வருகிறேன்.

பழைய கப்ளிங்கில் ரப்பரைப் பார்க்க வேண்டுமானால் மோட்டாரின் அடி போல்ட்டுகளைக் கழற்றி, மோட்டாரையே பின்னால் நகர்த்தி, பார்த்துவிட்டு, மறுபடி தள்ளி, நேர்க்கோடு பிடித்து, இறுக்க வேண்டும். அரைநாள் வேலை. அதனால் யாரும் பார்ப்பதில்லை. சத்தம் வந்தால் பார்ப்பார்கள். சத்தம் வரும்போது பார்க்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

நான் ரப்பரை ஆறு தனிக் கட்டைகளாக்கினேன். வெளிப்பக்கத்திலிருந்தே விரல்களுக்கு நடுவே செருகலாம். கட்டைகள் வெளியே பறந்துவிடாமல் சுற்றி ஒரு வளையம், அதற்கு நாலு போல்ட். வளையத்தைத் தளர்த்தி ஒரு பக்கம் ஒதுக்கினால் ஆறு கட்டையும் கையில் வந்துவிடும். மோட்டாரைத் தொடவே வேண்டாம். பதினைந்து நிமிடம். கட்டைகள் அகலமானதால் பழையதைவிடக் கூடுதல் பாரமும் தாங்கும். எவ்வளவு கூடுதல் என்பதுதான் கேள்வி. என் கணக்கு ஒன்றரை மடங்கு என்றது. கணக்கை ஓட்டிப் பார்த்து நிரூபிக்க ஓர் இடம் தேவைப்பட்டது.

ராசிபுரம் தாண்டி ஜவ்வரிசி தயாரிக்கிற ஒரு சேகோ ஆலை கிடைத்தது. மரவள்ளிக் கிழங்கை அரைக்கிற டிரம்முக்கு என் கப்ளிங்கைப் பூட்டினோம். கிழங்கோடு கல்லும் வரும், கல் சிக்கினால் டிரம் ஒரு நொடி நின்று மறுபடி பாயும். ரப்பருக்கு அதைவிடக் கொடுமையான வேலை கிடையாது. ஆலையின் ஃபிட்டர் நாச்சிமுத்து. ஐம்பது வயது, எதையும் இரண்டு கையாலும் வாங்குகிற மனிதர். பரிசோதனை ரப்பர் ஒரே ஒரு செட்தான் அப்போது வார்த்திருந்தோம். அதை அவர் கையில் கொடுக்கும்போது சொன்னேன்.

"ஒரே செட்டுதாங்க இருக்கு. போச்சுன்னா வேற இல்ல. பத்திரம்."

"நானிருக்கறேன், நீங்க போங்க சார்" என்றார்.

முதல் மூன்று மாதம் நானே போனேன். செய்முறை இது: மிஷினை நிறுத்த வேண்டும். ஃபியூஸைப் பிடுங்கிப் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர் பையில் அல்ல. காப்பு மூடியைத் திறந்து, வளையத்தை ஒதுக்கி, கட்டைகளை எண் வரிசைப்படி எடுத்துச் சாக்கின் மேல் அடுக்க வேண்டும். துடைக்க வேண்டும். நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல ரப்பர் நகத்தைத் திருப்பித் தள்ளும். ஓரத்தில் விரலை ஓட்டி வெடிப்பு பார்க்க வேண்டும். பிறகு மூன்று இடத்தில் கனம் அளக்க வேண்டும். மூன்றாவது மாதம் ஓரங்கள் லேசாக நசுங்கியிருந்தன. எதிர்பார்த்ததுதான். குறித்துக்கொண்டேன்.

நான்காவது மாதம் பங்குனி வெயில் ஆரம்பித்துவிட்டது. மகத்தான காரணம் ஏதாவது எழுதலாம் என்று யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வெயில்தான் காரணம். நாச்சிமுத்துவுக்குப் போன் பண்ணி, "மாசாமாசம் ரப்பரை ஒரு படம் எடுத்து வாட்ஸப்ல அனுப்பிருங்க, நான் போன்லயே பாத்துக்கறேன்" என்றேன்.

தவறாமல் அனுப்பினார். சாக்கின் மேல் ஆறு கட்டை, வரிசையாக, பக்கத்தில் அன்றைய தினத்தாள். இரண்டு சீசன் முழுக்க. மூன்றாம் மாதம் நசுங்கின அளவுக்கு மேல் ஒரு துளிகூட நசுங்கவில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆயுத பூஜைக்குப் பிறகு வந்த படத்தில் ஒவ்வொரு கட்டையிலும் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. "பரிசோதித்ததற்கு அடையாளமிடும் நல்ல பழக்கம் ஆலையில் உள்ளது" என்று எழுதினேன். இடையில் ஒருமுறை நாச்சிமுத்து போனில், "டிரம்மு பேரிங்கு அடிக்கடி போகுதுங்க சார்" என்றார். கல்லாக இருக்கும் என்றேன்.

பிறகு அறிக்கை. ரப்பர் ஏன் மேற்கொண்டு நசுங்கவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் வேண்டியிருந்தது. "ஆரம்ப நசுங்கலுக்குப் பின் ரப்பர் ஒரு நிலைபெறு கட்டத்தை அடைகிறது" என்று எழுதினேன். நிலைபெறு கட்டம் என்பது உலகத்தில் எங்கும் இல்லை. நான் அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உண்டாக்கினேன். வாக்கியம் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது, எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ஸ்டெல்லா மேடம் ஸ்கேலை வைத்தார். வரி வரியாக இறக்கினார். நிலைபெறு கட்டத்தில் ஸ்கேல் நின்றது.

"ரெண்டு சீசனா மேற்கொண்டு நசுங்கலே இல்லையா? இது யார் பாத்தது?"

"நான்தான் மேடம்."

நான்தான். படத்தில். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டேன். பொய் சொல்ல வேண்டும் என்று விடவில்லை, சொல்ல வேண்டிய அளவுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. அவர் ஓரத்தில் என் பெயரை எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டோம். கப்ளிங்கின் பாரத் தகுதி ஒன்றரை மடங்காக அச்சில் ஏறியது. "பதினைந்து நிமிடத்தில் பார்க்கலாம், பாதி கூடுதலாகத் தாங்கும்" என்ற விளம்பர வாசகமும் நான் எழுதியதே.

அடுத்த வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அந்தச் செய்தி வந்தது. மேடம் மதியம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலையில் மக்காச்சோளம் அரைக்கிற மிஷின். அதில் இருந்தது நம் கப்ளிங், புதிய தகுதிக்கு நெருங்கின பாரத்தில். ரப்பர் முழுக்கக் கிழிந்து போய், இரும்பு விரல் இரும்பு விரலோடு உரசியிருக்கிறது. தீப்பொறி. மாவுத் தூசு அடைந்திருக்கிற இடத்தில் பொறி விழுந்தால் பெட்ரோலைப் போலப் பிடிக்கும். சாக்குகள் பற்றிக்கொண்டன. மூட்டை தைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களை ஃபிட்டர் வெளியே தள்ளிவிட்டு, எரிகிற சாக்குகளைக் கையாலேயே இழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டன. அவர் பெயர் குணசேகரன்.

 மேடம் கஞ்சியை மூடி வைத்தார்.

என்னை அனுப்பினார்கள். தீவன ஆலை முதலாளி குணசேகரனை அதற்குள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார். மாதாமாதம் ரப்பரைப் பார்க்க வேண்டியது ஃபிட்டரின் வேலை, அவர் பார்க்கவில்லை, கவனக்குறைவு. போலீசில் அப்படியே எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். "உங்க கம்பெனி ரிப்போர்ட்டுக்குத்தானுங்க காத்திருக்கறேன்." எங்கள் விற்பனைப் பிரிவுக்கும் அதே விருப்பம். எல்லோருக்கும் வசதியான ஒரு முடிவு தயாராக இருந்தது, நல்ல தமிழில் எழுத ஓர் ஆள் மட்டும் வேண்டும். நானும் அதே நினைப்போடுதான் போனேன்.

பராமரிப்பு நோட்டைக் கேட்டேன். ஒரு பக்கம் ஓரம் கருகியிருந்தது. பென்சில் எழுத்து, கட்டம் கட்டமாக.

"ரப்பர் 3, 5 நசுங்கல்."

அடுத்த மாதம்: "ஆறும் நசுங்கல். கம்பெனி சாருக்கு போன். ஓட்டலாம் என்றார்."

அடுத்தது: "ரொம்ப நசுங்கல். புது ரப்பர் போட்டேன். மறுபடி போன். ஓட்டலாம் என்றார்."

கடைசி: "புது ரப்பரும் நசுங்கல்."

கம்பெனி சார் யார் என்று யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன், அதுதான் கேவலம். போனை எடுத்து அந்தத் தேதிகளில் வந்த அழைப்புகளைத் தேடினேன். பெயரில்லாத ஓர் எண், இரண்டு முறை. நான் பேசியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது ஓரமாக நிறுத்திப் பேசியிருக்கிறேன். "இதைவிடக் கஷ்டமான எடத்துல ரெண்டு சீசன் ஓடியிருக்குங்க. எங்கிட்டப் படமே இருக்கு. உங்க கண்ணுக்கு அப்படித் தெரியுது. ஓட்டுங்க." எதிர்ப்பக்கம் ஒரு குரல், "சரிங்க சார்."

 நோட்டை மூடினேன். முதலாளி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

ஆனாலும் மனுஷ புத்தி எப்படி வேலை செய்கிறது பாருங்கள். குடித்து முடிப்பதற்குள் எனக்கு ஒரு வாதம் கிடைத்துவிட்டது. நான் சொன்னது தவறே இல்லையே. சேகோ ஆலையில் தாங்கிய ரப்பர் இங்கே தாங்கவில்லை என்றால் இங்கே வேறு ஏதோ கோளாறு. நேர்க்கோடு சரியில்லாமல் இருக்கலாம், ரப்பர் வார்ப்பே மட்டமாக இருக்கலாம். சேகோ ஆலையின் அந்த ஆறு கட்டைகளைக் கொண்டுவந்து இதோடு பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். அங்கிருந்தே ராசிபுரம் போனேன்.

நாச்சிமுத்து டிரம் பக்கத்தில் நின்றிருந்தார். "வாங்க வாங்க சார். ஏனுங்க, ஒரு போன் கூடப் பண்ணாம?"

"அந்த ஆறு ரப்பரும் வேணும், நாச்சிமுத்து."

"இதா, எடுத்துட்டு வாரேனுங்க."

மிஷினை நிறுத்தப் போவார் என்று ஸ்பேனரை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். அவர் மிஷின் பக்கமே திரும்பவில்லை. தன்னுடைய சாமான் ரூமுக்குப் போனார். சாமி படத்துக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து, ஒரு வெள்ளைத் துண்டு மூட்டையை எடுத்து வந்தார். பிரித்தார். ஆறு கட்டை. மூன்றாம் மாதம் நான் கையால் தொட்டுப் பார்த்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே. ஒவ்வொன்றிலும் குங்குமப் பொட்டு.

டிரம் ஓடிக்கொண்டிருந்தது. கப்ளிங் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப அதுல என்ன இருக்குது?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டேன்.

"அதா? அது டயருங்க."

"டயரா?"

"லாரி டயரு. நீங்க வந்துட்டுப் போன மூணாம் மாசம் ஓரம் நசுங்கறாப்ல தெரிஞ்சுதுங்களா, எனக்குப் பக்குனு ஆயிப்போச்சு. ஒரே செட்டுன்னு சொல்லிக் குடுத்திருக்கறீங்க. கம்பெனி சாமானு நம்ம கையில வீணாப் போவக் கூடாதில்லீங்களா. நாமக்கல்ல ஒரு பழைய டயரு வாங்கி, அளவு பாத்து அறுத்துப் போட்டுட்டேன். நூலு போட்ட டயருங்க, இரும்பாட்ட நிக்குது. உங்குளுத எடுத்துப் பத்திரமா வெச்சுட்டேன்."

"மாசாமாசம் படம் அனுப்புனீங்களே."

"நீங்க ரப்பர் படந்தான கேட்டீங்க. செட்டு பத்திரமா இருக்குதான்னு கேக்கறீங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். அதுக்குத்தான் பேப்பர வேற பக்கத்துல வெச்சனுங்க, நீங்க நம்போணுமில்ல." என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஏஞ் சாமி, நாம் பண்ணுனது தப்புங்களா?"

அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? என் வீட்டு டிவி ரிமோட் வாங்கின நாளிலிருந்து பாலித்தீன் உறையில்தான் இருக்கிறது. சோபாவின் பிளாஸ்டிக்கை நான்கு வருடம் கழித்துத்தான் பிரித்தோம், அதுவும் மகள் சண்டை போட்டதால். ஒன்றே ஒன்று இருக்கிற பொருளை எடுத்து வைத்துவிட்டு வேறொன்றைப் புழங்குவதுதான் எங்கள் ஊர் மரியாதை. அவர் எனக்கு மரியாதை செய்திருக்கிறார். இரண்டு சீசன் முழுக்க.

அந்த ஆலைச் சுவரில் சாய்ந்து நின்றபோது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. நிலைபெறு கட்டம். சிவப்புப் புள்ளி. பேரிங் ஏன் போனது: டயர் அடியை வாங்கவில்லை, அப்படியே மிஷினுக்குக் கடத்திவிட்டது. ஒன்றரை மடங்கைத் தாங்கியது யாரோ ஒரு லாரிக்காரர் ஓட்டித் தேய்த்த டயர். அதைக் காட்டி நான் என் ரப்பருக்கு அச்சடித்த எண்ணை நம்பி எத்தனை ஆலைகளில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவற்றில் ஒன்றில் ஓர் ஆள் நசுங்குது நசுங்குது என்று இரண்டு தடவை சொன்னார். நான் படம் இருக்கிறது என்றேன்.  கட்டைகளை நாச்சிமுத்துவே துண்டில் கட்டிக் கொடுத்து என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

அறிக்கையை அன்றே எழுதினேன். ஒரே ஒரு பக்கம். அழகான வாக்கியம் எதுவும் வரவில்லை. சேகோ ஆலையில் ஓடியது எங்கள் ரப்பர் அல்ல. நான்காம் மாதத்திலிருந்து நான் நேரில் பார்க்கவில்லை. பாரத் தகுதி ஆதாரமற்றது. தீவன ஆலை ஃபிட்டர் விதிப்படி மாதாமாதம் பார்த்தார், குறித்தார், இரண்டு முறை தெரிவித்தார். ஓட்டலாம் என்று சொன்னவன் நான்.

மேடம் ஸ்கேலை எடுத்தார். வழக்கம் போல வரி வரியாக இறக்கினார். ஒரு வரிக்கும் எதுவும் கேட்கவில்லை. எல்லா வரியும் முடிந்த பிறகு ஸ்கேலை மேஜை மேல் நேராக வைத்துவிட்டு, "நான்தான்னு சொன்னே" என்றார்.

"ஆமா மேடம்."

"நேர்லயான்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல." பேனாவை எடுத்தார். "இதுல உன் பேரு மட்டும் போட்டிருக்கே. தகுதிய ஏத்துறதுக்குக் கையெழுத்து ரெண்டு இருந்துச்சு."

"மேடம், நீங்க என்னை நம்பித்தான்..."

"அதத்தான் எழுதப் போறேன்ப்பா. நம்பிக் கையெழுத்துப் போட்டேன்னு."

எழுதினார். இடம் போதாமல் இரண்டு கையெழுத்தும் அடுத்த பக்கத்துக்குப் போயின. விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து இந்த அறிக்கை வெளியே போனால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார். மேடம் அவருக்குக் கதவருகே ஒரு நாற்காலி போடச் சொன்னார். அறிக்கை போனது. விற்ற கப்ளிங் எல்லாவற்றின் தகுதியையும் குறைத்து, ஒவ்வோர் ஆலைக்கும் போய் ரப்பரையும் பாரத்தையும் மாற்றினோம். அந்த வருடம் நானும் மேடமும் ஏறாத பதவிப் படி ஒன்று உண்டு, அது பற்றி எனக்குக் குறை இல்லை. நேர்க்கோடு பிடிக்க ஆலை ஆலையாகத் தரையில் படுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது, அது பற்றி உண்டு.

அறிக்கையின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு குணசேகரன் வீட்டுக்குப் போனேன். முதலில் என்னை யாரென்று தெரியவில்லை. பெயரைச் சொன்னதும், "குரலு தெரியுதுங்க" என்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு கையும் கட்டுப்போட்டு மடியில் இருந்தன. அவர் மனைவி ஒரு சேரை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார், டீ வரவில்லை. வந்திருந்தாலும் குடித்திருக்க மாட்டேன்.

"மொதலாளி பேசுனாருங்க. கை ஆறுனதும் வரச் சொல்லிட்டாரு. உங்க ரிப்போர்ட்டு வந்துதாம்" என்றார்.

"படிச்சுப் பாக்கறீங்களா?"

கையைத் தூக்கிக் காட்டினார். நான் தாளை அவர் முகத்துக்கு எதிரே பிடித்தேன். மெதுவாகப் படித்தார், உதடு அசைய. நோட்டுப் புத்தகம் பற்றிய இடத்துக்கு வந்ததும், "கொஞ்சம் மேல தூக்குங்க" என்றார். தூக்கினேன். அந்த மூன்று வரியை இரண்டு தடவை படித்தார். உள்ளே திரும்பி, "ஏ கவிதா, நாம் பாத்தன்னு போட்டிருக்குது" என்றார்.  உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"பழைய கப்ளிங்குன்னா மோட்டார நகத்தோணுங்க சார்" என்றார் குணசேகரன். "ஆரும் பாக்க மாட்டாங்க. தெரியாமயே போயிரும், அதுக்கு நாம என்ன பண்றது. உங்குளுது வந்தது நல்லதாப் போச்சு. பதினஞ்சு நிமிசம், பாத்தா அப்படியே தெரியுது. பாத்தேன், பாத்துச் சொன்னேன். சொல்லியும் ஓட்டுன்னா, அப்பறம் நான் என்ன பண்றதுங்க?"

கிண்டல் இல்லை. என் பக்கம் குற்றம் சாட்டுகிற பார்வையும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கை ஆறியதும் அதே மிஷின் முன்னால் போய் நிற்கப் போகிறவர்.

பதில் தாளில் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணால் தாளைக் காட்டி, "அடுத்ததைத் திருப்புங்க சார்" என்றார்.

திருப்பினேன். அதில் இரண்டு கையெழுத்துதான் இருந்தது.